மழை விட்ட பிறகு வெளிச்சுவர் கழுவுதல்: பிரஷர் வாஷர் புதிதாகப் பிடிப்பவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும்போது வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வடக்குப் பார்த்த சுவர், சன்ஷேடின் விளிம்பு, காம்பவுண்டுச் சுவரின் கீழ் இரண்டடி, இந்த மூன்று இடமும் கறுத்திருக்கும். ஐப்பசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் வடக்குச் சுவரில் நேர் வெயில் விழாது. காயாத ஈரத்தில் பாசியும் பூஞ்சையும் படரும். சன்ஷேடின் அடியில் தண்ணீர் சொட்டி விழுவதற்கான வெட்டுக்கோடு விடாமல் பூசியிருந்தால், மழைநீர் சுவரோடு ஒட்டி வழிந்து கோடு கோடாகக் கறை விடும். காம்பவுண்டின் அடியில் இருப்பது தரையிலிருந்து தெறித்த சேறும் அதன்மேல் வளர்ந்த பாசியும்.

இதைக் கழுவத்தான் பிரஷர் வாஷர். கடையில் எல்லோரும் முதலில் கேட்பது “எத்தனை பார் வரும்?” என்றுதான். பார் என்பது அழுத்தத்தின் அளவு. சுவர் எத்தனை பார் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. மாடி டேங்கிலிருந்து கீழ்த்தளக் குழாய்க்கு வரும் தண்ணீரின் அழுத்தம் ஒரு பார்கூட இருக்காது. வீட்டு உபயோக மெஷினில் அதே தண்ணீர் 100 பாருக்கு மேல் வெளியே வருகிறது. பாசியைப் பெயர்க்கும் அந்த வேகம் பூச்சையும் பெயர்க்கும். அதனால் முதல் வேலை சுவரைச் சோதிப்பது.

சுவரைத் தொட்டுப் பாருங்கள்

உள்ளங்கையைச் சுவரில் அழுத்தித் தேயுங்கள். கை வெள்ளையானால் மேலே இருப்பது சுண்ணாம்போ, காலம் முடிந்த சிமென்ட் பெயின்ட்டோ, வெயிலில் செத்துப்போன எமல்ஷனோதான். அதன்மேல் பிரஷர் தண்ணீர் பட்டால் நிறம் திட்டுத் திட்டாகப் போய்விடும். மறுபடி பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அது நல்லதுதான், உதிர வேண்டியது உதிரட்டும். கழுவினால் போதும், பெயின்ட் செலவு வேண்டாம் என்பவர்கள் அந்தச் சுவரில் மெஷினை வைக்காதீர்கள். நைலான் பிரஷும் வாளித் தண்ணீரும் போதும்.

அடுத்து, விரல் முட்டியால் பூச்சைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் சத்தம் அடங்கிக் கேட்கும். பூச்சு பொருமி நிற்கும் இடத்தில் உள்ளே காலியாக இருப்பது சத்தத்திலேயே தெரியும். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அந்த வட்டத்துக்குள் தண்ணீர் அடித்தால் ஒரு பாளமே கழன்று விழலாம். விரிசல்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முடி அளவு விரிசல் வழியாகக்கூட வேகத் தண்ணீர் உள்ளே புகுந்து, இரண்டு நாள் கழித்து உள்சுவரில் ஈரத் திட்டாகத் தெரியும். விரிசலை அடைத்து, அது நன்றாக இறுகிய பிறகே கழுவ வேண்டும். புதுப் பூச்சு என்றால் 28 நாள் ஆகும்வரை கிட்டேயே போக வேண்டாம்.

வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும் சுவருக்குத் தண்ணீரே மருந்தல்ல. உப்பு சுவருக்குள்ளிருந்து ஈரத்தோடு வெளியே வருகிறது. மேலும் தண்ணீர் அடித்தால் மேலும் பூக்கும். காய்ந்த பிரஷால் துடைத்துவிட்டு, பாத்ரூம் குழாய் கசிகிறதா, மொட்டை மாடி ஒழுகுகிறதா என்று பார்ப்பதுதான் வழி.

மெஷின் கொண்டு போகவே கூடாத இடங்கள் சில உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை முதலாவது. வேகத் தண்ணீர் அதன் மேற்பரப்பை அரித்து நாரை வெளியே கொண்டுவரும். அது காய்ந்து தூசியாகி மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. சோலார் பேனலையும் ஏசியின் வெளி யூனிட்டையும் விட்டுவிடுங்கள். ஏசியின் மெல்லிய அலுமினியத் தகடுகள் ஒரே அடியில் மடங்கிவிடும். மங்களூர் ஓட்டுக் கூரையில் கீழிருந்து மேலாக அடித்தால் ஓட்டுக்கு அடியில் தண்ணீர் ஏறிவிடும். பாசி பிடித்த ஓட்டின் மேல் ஏறி நிற்பதோ அதைவிட மோசம். பழைய வீட்டு ஜன்னல் கம்பிகளில், கதவுகளில் இருக்கும் எனாமலையும் பிரஷரில் உரிக்காதீர்கள். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பை இந்தியா கட்டாயமாக்கியதே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்தைய செதில்கள் தோட்ட மண்ணில் கலப்பது குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நல்லதல்ல.

எந்த மெஷின்?

கார்ச்சர், பாஷ், ஸ்டார்க்யூ என்று எதை எடுத்தாலும் டப்பாவில் பெரிதாகப் போட்டிருப்பது அதிகபட்ச அழுத்தம். வேலை செய்யும்போது கிடைக்கும் அழுத்தம் அதைவிடக் குறைவு, சிறிய எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள். சில மெஷின்களில் பிஎஸ்ஐ கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு பார் என்பது சுமார் 14.5 பிஎஸ்ஐ. வீட்டுச் சுவருக்கு 100 முதல் 130 பார் தாராளம். அதற்கு மேல் கொடுக்கும் காசை ஹோஸின் நீளத்தில் போடுவது புத்திசாலித்தனம். ஐந்து மீட்டர் ஹோஸ் என்றால் மெஷினை இழுத்துக்கொண்டே அலைய வேண்டும். எட்டுப் பத்து மீட்டர் இருந்தால் ஒரு பக்கச் சுவரை ஒரே இடத்தில் வைத்து முடிக்கலாம். தனியாக ஹோஸ் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டு போங்கள். எம்22 மரை என்று ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே நுழையும் குழல் 14 மில்லி, 15 மில்லி என இரண்டு அளவில் வரும். மாற்றிப் போட்டால் மரை ஏறும், தண்ணீர் பீய்ச்சும்.

மோட்டாரில் இரண்டு வகை. கார்பன் பிரஷ் வைத்தது எடை குறைவு, விலை குறைவு, சத்தம் அதிகம். இண்டக்‌ஷன் மோட்டார் கனம், சத்தம் குறைவு, நீண்ட நேரம் ஓடத் தாங்கும். ஆண்டுக்கு ஒருமுறை சுவர், மாதம் இருமுறை கார் என்றால் முதல் வகையே போதும். வருடத்துக்கு ஒரு தடவைதான் வேலை என்றால் வாங்கவே வேண்டாம், வாடகைக்கு எடுங்கள். பெயின்டர்கள் பலரிடமும் மெஷின் இருக்கிறது.

கன்னின் (தண்ணீர் பீய்ச்சும் கைப்பிடி) விசையை விட்டதும் மோட்டார் தானாக நிற்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாத மெஷினில், கன்னை மூடி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தால், பம்புக்குள்ளேயே சுற்றும் தண்ணீர் சூடாகி சீல்களைக் கெடுக்கும்.

தண்ணீர் வெளியேறும் முனையான நாசிலுக்கு நிறக்கணக்கு உண்டு. சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. கோணம் விரிய விரிய அடி மென்மையாகும். பெயின்ட் அடித்த சுவருக்கு வெள்ளை. சிமென்ட் தரைக்கும் கருங்கல் படிக்கும் பச்சை. சிவப்பை வீட்டு வேலைக்கு எடுக்காமல் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். விலை குறைந்த மெஷின்களில் தனித்தனி நாசிலுக்குப் பதிலாகத் திருகினால் விரியும் ஒரே லான்ஸ் (கன்னில் மாட்டும் நீளக் குழல்) வரும். அதை விசிறிக்கு வைத்துத் தொடங்க வேண்டும். சுழன்று அடிக்கும் டர்போ நாசில் என்பது அந்த 0 டிகிரியைச் சுற்ற வைப்பதுதான், சுவருக்கு ஆகாது.

தண்ணீரும் கரன்ட்டும்

புதிதாக வாங்கிய மெஷின் “விட்டு விட்டு அடிக்கிறது, பம்பு போச்சு” என்று திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களில் பலருக்குப் பிரச்சினை மெஷினில் இல்லை, குழாயில். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கொடுப்பது ஒரு பார். தரையில் நின்று கழுவினால் டேங்க் தண்ணீர் ஓரளவு அழுத்தத்தோடு வரும். அதே மெஷினை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனால் டேங்குக்கும் மெஷினுக்கும் உயர வித்தியாசமே இருக்காது. பம்பு கேட்கும் தண்ணீர் வராது, காற்று கலக்கும், கன் திணறும். ஒரு பக்கெட் சோதனை போதும்: 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிறதா பாருங்கள். வீட்டு மெஷின் நிமிடத்துக்கு ஆறு ஏழு லிட்டர் இழுக்கும், வரவு அதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். நிறையவில்லை என்றால் டிரம்மில் தண்ணீர் பிடித்து அதிலிருந்து உறிஞ்ச விடுங்கள். இதற்குத் தானாக உறிஞ்சும் வகை மெஷின் வேண்டும், வாங்கும்போதே கேட்டுவிட வேண்டிய விஷயம் இது. டிரம் மெஷினுக்குச் சமமான மட்டத்திலோ கொஞ்சம் மேலாகவோ இருக்கட்டும். அரை மீட்டருக்கு மேல் கீழிருந்து இழுக்கப் பெரும்பாலான வீட்டு மெஷின்கள் திணறும். உறிஞ்சும் குழாயை முழுவதும் தண்ணீரில் அமுக்கி, காற்றை வெளியேற்றி, அப்படியே மாட்டுங்கள்.

மணிக்கு 350 முதல் 400 லிட்டர் செலவாகும். 1000 லிட்டர் டேங்க் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது. லாரித் தண்ணீர் வாங்கும் வீடுகள் ஒரே நாளில் நான்கு பக்கமும் முடிக்க நினைக்க வேண்டாம். நுழைவாயில் ஃபில்டர் இல்லாமல் போர் தண்ணீர் விடாதீர்கள், ஒரு மணல் துணுக்கு நாசிலை அடைக்கப் போதும். இன்னொன்று, பெரும்பாலான வீட்டு மெஷின்களுக்கு உள்ளே போகும் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் கறுப்பு டேங்கிலிருந்து மதியம் வரும் தண்ணீர் கையைச் சுடும். காலை ஆறு மணிக்கு ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1800 வாட் மெஷின் எட்டு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். டிவி, சார்ஜர் போடும் 6 ஆம்ப் சாக்கெட்டில் போடக் கூடாது. கீசர் போடும் 16 ஆம்ப் பாயின்ட்டில் போடுங்கள். எக்ஸ்டென்ஷன் தேவைப்பட்டால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், எர்த்துடன். சுருளை முழுவதும் பிரித்துவிட வேண்டும், சுருட்டியபடியே ஓட்டினால் ஒயர் சூடேறி உருகும். இணைப்பு முனை ஈரத்தரையில் கிடக்காமல் ஸ்டூல் மேல் இருக்கட்டும். போர்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா பாருங்கள். அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் கரன்ட் போக வேண்டும். ஆர்சிசிபி இல்லாத வீட்டில், எலக்ட்ரீஷியனை அழைத்து அதைப் போடும்வரை ஈரத்தில் நின்று இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

ஊற வைத்தால் பாதி வேலை முடிந்தது

சுவரை வெளுக்க வைப்பது பிரஷர்தான் என்று தோன்றும். பாசியை வேரோடு சாகடிப்பது பிளீச்சிங் பவுடர். மெஷினால் மட்டும் அடித்துத் தள்ளிய பாசி அடுத்த மழைக்கே திரும்ப வரும்.

மளிகைக் கடையில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரில் 30 சதவீதத்தை ஒட்டிக் குளோரின் இருக்கும். 10 லிட்டர் வாளிக்கு 300 முதல் 350 கிராம் போட்டுக் கலக்கினால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். அரை மணி நேரம் தெளியவிட்டு மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு ஸ்பிரேயரை அடைக்கும், சுவரிலும் வெள்ளைத் தடமாகக் காயும். பாக்கெட்டைப் பிரித்ததும் மூக்கில் ஏறவில்லை என்றால் பவுடர் பழசு, வீரியம் போய்விட்டது.

கரைசலை முதலில் கறுப்பின் மேல் ஓர் ஓரத்தில் தடவிப் பாருங்கள். சில நிமிடங்களில் வெளுத்தால் அது பாசி, பூஞ்சை. வெளுக்காமல் அப்படியே நின்றால் புகைக்கரியோ தூசியோ. அதற்குச் சோப்புத் தண்ணீர்தான் சரி. அதே இடத்தில் பெயின்ட்டின் நிறம் மாறுகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட்டோ, டாய்லெட் கிளீனரோ ஒரு சொட்டும் சேரக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. “ஆசிட் ஊத்தினா பளிச்னு ஆயிடும் சார்” என்பவர் சொல்வது உண்மைதான், சிமென்ட்டைக் கரைத்துத்தான் ஆசிட் அந்தப் பளிச்சைக் கொடுக்கிறது. இரண்டாவது, பிளீச்சிங் கரைசலை மெஷினுக்குள் விடாதீர்கள், பம்பு சீல்கள் கெட்டுப்போகும். செடிக்கு மருந்தடிக்கும் கை ஸ்பிரேயரோ பெயின்ட் பிரஷோ போதும்.

அப்புறம், கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் மாடிக் குழாய் நேராகக் கிணற்றுக்கோ சேகரிப்புக் குழிக்கோ போகும். அந்த இணைப்பைக் கழற்றிவிட்டு, அல்லது துணி அடைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கழுவும் நாள்

முதல் நாள் மாலையே சன்ஷேடுகளுக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். குளவிக் கூடோ தேனடையோ இருந்து, அதில் தெரியாமல் தண்ணீர் அடித்தால் அன்றைய வேலை ஆஸ்பத்திரியில் முடியும். காலையில் ஜன்னல்களைத் தாழிட்டு, காலிங் பெல் சுவிட்ச், வெளி லைட், கேமரா, எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரம் எல்லாவற்றையும் பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டுங்கள். மீட்டர் பெட்டி இருக்கும் சுவரில் அதைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டுவிட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் பக்கம் லான்ஸையோ தண்ணீரையோ காட்டவே கூடாது. நகரத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் மூன்றடி இடைவெளிதான். பக்கத்து வீட்டில் முன்கூட்டியே சொல்லுங்கள், கொடியில் துணி காய்ந்தால் எடுத்துவிடுவார்கள்.

காலில் ரப்பர் பூட்ஸ், கண்ணில் கண்ணாடி, முழுக்கைப் பழைய சட்டை. ஹவாய் செருப்போடு பாசித் தரையில் நிற்பது வழுக்குவதற்கான ஏற்பாடு.

முதலில் சுவரையும் செடிகளையும் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். நனைந்த இலை பிளீச்சிங்கை அதிகம் உறிஞ்சாது. பிறகு கரைசலைக் கீழிருந்து மேலாக அடியுங்கள். மேலிருந்து அடித்தால் கீழே இன்னும் கரைசல் படாத சுவரில் வழியும் கோடுகள் தடமாக நின்றுவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் ஊறட்டும், காயவிடாதீர்கள், காயும் போலிருந்தால் லேசாக நனையுங்கள். அதனால்தான் ஒரு தடவைக்கு எட்டுப் பத்தடி அகலம் மட்டும் எடுக்கச் சொல்வது. கறுப்பு அடர்த்தியான இடத்தில் நைலான் பிரஷால் ஒரு தேய்ப்பு.

இப்போது மெஷின். கரன்ட் போடுவதற்கு முன் தண்ணீரைத் திறந்து, கன்னை அழுத்திப் பிடியுங்கள். முதலில் காற்றும் தண்ணீருமாகத் துப்பும், பிறகு சீராக ஒழுகும். சீரான பிறகே சுவிட்ச். கன்னை முதலில் சுவருக்கு வெளியே காட்டி அழுத்தி, பிறகு சுவருக்குக் கொண்டு வாருங்கள். முதல் உதைப்பு சுவரில் பட்டால் வட்டத் தடம் விழும்.

இரண்டடி தூரத்தில் தொடங்குங்கள். அழுக்கு போகவில்லை என்றால் மெதுவாக நெருங்குங்கள். ஒரு அடிக்குள் போகத் தேவைப்பட்டால் ஊறியது போதவில்லை என்று அர்த்தம், மறுபடி கரைசல் அடியுங்கள். தூரத்தில் ஒரு கையகலம் கூடிக் குறைந்தாலே அடியின் வேகம் எவ்வளவு மாறுகிறது என்பதை, மறைவான ஒரு மூலையில் அடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். நேர்க்குத்தாக அடிக்காமல் சற்றுச் சாய்த்து, மேலிருந்து கீழாக, பாய் முடைவது போல ஒரு பட்டையின் ஓரம் அடுத்த பட்டையில் ஏறும்படி வாருங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். சன்ஷேடின் அடிப்பக்கத்துக்கும் ஜன்னல் சட்ட இடுக்குக்கும் கீழிருந்து மேலே அடிக்க வேண்டாம், தண்ணீர் வீட்டுக்குள் வரும். கிரில்லில் பட்ட பிளீச்சிங்கை நிறையத் தண்ணீர் விட்டு அலசாவிட்டால் துரு ஏறும். கடைசியாகச் செடிகளுக்கு இன்னொரு முறை நல்ல தண்ணீர்.

ஏணியில் ஏறிக்கொண்டு கன்னைப் பிடிக்காதீர்கள். அழுத்தியதும் பின்னுக்குத் தள்ளும், ஏணிக்கு அது பிடிக்காது. தரையில் நின்று நீட்டு லான்ஸால் எட்டும் வரைக்கும்தான் உங்கள் வேலை. முதல் மாடிக்கு மேல் என்றால் சாரம் கட்டத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

தண்ணீர்தானே என்று கையை முன்னால் நீட்டி வேகம் பார்க்கும் பழக்கமும் கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போன தண்ணீர், வெளியே ஊசி குத்திய அளவு காயம்தான் காட்டும், உள்ளே தசையைக் கிழித்திருக்கும், அழுக்கையும் கிருமியையும் சேர்த்துக் கொண்டுபோயிருக்கும். வலி இல்லை என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், பிரஷர் தண்ணீர் பட்டது என்று சொல்லியே காட்ட வேண்டும்.

மொட்டை மாடியில் தட்டோடு பதித்திருந்தால் இன்னும் நிதானம் வேண்டும். ஓடு தாங்கும், ஓட்டுக்கு இடையிலுள்ள சாந்து தாங்காது. சாந்து போன இடுக்குதான் அடுத்த ஐப்பசியில் ஒழுகும். வெள்ளை நிற வெப்பத் தடுப்புப் பூச்சோ வாட்டர்ப்ரூஃபிங்கோ அடித்த மாடிக்குத் துடைப்பமும் சோப்புத் தண்ணீரும் மட்டும்.

பெயின்ட் அடிக்கும் முன்

கழுவிய சுவர் மேலே காய்ந்தது போல இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். நல்ல வெயிலில் மூன்று நான்கு நாள், மூடாக்கு இருந்தால் அதைவிட அதிகம். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் வைத்து ஒட்டி, மறுநாள் காலை பாருங்கள். உட்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் பிரைமரைத் திறக்காதீர்கள். கழுவும்போது வெளிப்பக்கப் பட்டி (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் மாவு) பல இடங்களில் கழன்றிருக்கும். கழன்றது கழன்றபடி விட்டு மேலே அடித்தால் ஆறு மாதத்தில் தெரியும், அந்த இடங்களைத் தேய்த்து மட்டம் செய்யச் சொல்லுங்கள்.

மெஷினைச் சுத்தமான தண்ணீரில் இரண்டு நிமிடம் ஓட்டி, கரன்ட்டை நிறுத்தி, தண்ணீரை மூடி, கன்னை அழுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை இறக்கிய பிறகே ஹோஸைக் கழற்றுங்கள். போர் தண்ணீர் பயன்படுத்தியவர்கள் நாசிலின் ஓட்டையை மெல்லிய ஊசியால் ஒருமுறை குத்தி விடவும். உப்பு படிந்து காய்ந்துவிட்டால் அடுத்த தையில் அரைத் துளை வழியாகத்தான் தண்ணீர் வரும்.